புதுத் தொட்டியும் கிணற்றுத் தண்ணியும்: முதல் ஆறு வாரம்

புது மீன்தொட்டியில் விட்ட மீன் முதல் நாளிலேயே சாவது குறைவு. மூன்றாம் நாள் வரைக்கும் வடிவாகத் துள்ளித் திரியும். ஐந்தாம் ஆறாம் நாளில் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், செட்டையை உடம்போடு ஒடுக்கிக்கொள்ளும். பத்தாம் நாளுக்குள் ஒவ்வொன்றாகப் போய்விடும். வீட்டில் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, கடையில் வருத்தம் பிடித்த மீனைத் தந்துவிட்டார்கள். மற்றது, எங்கள் கிணற்றுத் தண்ணி மீனுக்கு ஒத்துவராது. அநேகமான வீடுகளில் இரண்டும் காரணமில்லை. மீன் தன் கழிவிலேயே நஞ்சேறிச் செத்திருக்கும். அந்தக் கழிவு எவ்வளவு சேரும் என்பதை மீனுக்குப் போடும் தீன் முடிவுசெய்கிறது. எவ்வளவு வெளியே போகும் என்பதை நாங்கள் மாற்றும் தண்ணீர் முடிவுசெய்கிறது. தொட்டி பழகி முடியும்வரை இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மீன் தின்ற புரதத்தின் நைதரசனில் ஏறத்தாழப் பாதி அமோனியாவாகப் பூவின் (செவுளின்) வழியாகத் தண்ணீரில் இறங்குகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனும் அமோனியாவாகத்தான் முடியும். பழைய தொட்டியில் இதை ஒரு கூட்டம் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். அமோனியாவும் நைத்திரைற்றும் கடும் நஞ்சு. நைத்திரேற்று, அளவோடு இருந்தால், மீன் தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. பாலைப் புளிக்க வைக்கும் பற்றீரியா போல இவை அரை மணிக்கொரு தடவை பெருகுவதுமில்லை. நல்ல நிலைமையிலும் இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஆகவேதான் போதிய பற்றீரியா சேர்ந்து தொட்டி பழக நாலு தொடக்கம் ஆறு வாரம்.

யாழ்ப்பாணத்தில் இந்த ஆறு வாரமும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் வேறுமாதிரி. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அதனால் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கூடியது. கிணற்றிலிருந்து அள்ளியவுடன் பார்த்தால் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7 நடு) 7.2 அளவில் காட்டலாம். அதையே வாளியில் ஒரு நாள் காற்றூட்டி வைத்தால், கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி, 8 வரைக்கும் ஏறலாம். உங்கள் தொட்டியின் உண்மையான பிஎச் இந்த இரண்டாவது எண்தான்.

இது ஏன் முக்கியம்? தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அமோனியம் மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. மின்னேற்றமில்லாத அமோனியாதான் பூவுக்குள்ளால் உள்ளே போய்க் கொல்லும். 30 பாகை வெப்பத்தில், பிஎச் 7 என்றால், மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் 0.8 வீதம் மட்டுமே. பிஎச் 7.5 என்றால் 2.5 வீதம். பிஎச் 8 என்றால் 7.4 வீதம். ரெஸ்ற் கிட் (தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி) காட்டுவது இரண்டும் சேர்ந்த மொத்தத்தைத்தான். லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்று கிட் காட்டும்போது, மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் மீன் ஒன்றும் நடவாததுபோல நீந்தலாம். கோண்டாவில் கிணற்றுத் தண்ணீரில் அதே 1 மில்லிகிராம் பூவை எரிக்கும். இணையத்தில் வெளிநாட்டார் "1 வரை பரவாயில்லை" என்று எழுதியிருப்பதை நம்பிக் கைகட்டி இருக்க வேண்டாம். எங்கள் தண்ணீருக்கு மொத்த அமோனியா 0.25 ஐத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதே தண்ணீர் இன்னொரு பக்கத்தால் எங்களுக்கு உதவி செய்கிறது. அமோனியாவை மாற்றும் பற்றீரியாவுக்கு 25 தொடக்கம் 30 பாகை வெப்பமும், 7.5 இற்கு மேற்பட்ட பிஎச்சும், நிறையக் காபனேற்றும் வேண்டும். மூன்றும் இங்கே காசில்லாமல் கிடைக்கிறது. ஹீற்றர் தேவையில்லை. மார்கழி வாடையில்கூடத் தேவைப்படாது.

மீன் வாங்கமுதல் கிணற்றைப் பாருங்கள்

செம்மண் பகுதிகளில், சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய், திருநெல்வேலிப் பக்கம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் மழையோடு கீழே இறங்கி, கிணற்றுத் தண்ணீரிலேயே நைத்திரேற்று கூடிவிட்டது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல உண்டு. மீன் வளர்ப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நைத்திரேற்று காட்டத் தொடங்கினால் தொட்டி பழகிவிட்டது" என்பது எல்லாரும் சொல்லும் அடையாளம். உங்கள் கிணறே 40 காட்டினால் அந்த அடையாளம் முதல் நாளே காட்டிவிடும், அது எதையும் நிரூபிக்காது. ஆகவே மீன் வாங்கமுதலே, காற்றூட்டி ஒரு நாள் வைத்த கிணற்றுத் தண்ணீரில் பிஎச், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று நாலையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மலசலகூடக் குழிக்குக் கிட்டவுள்ள கிணற்றில் அமோனியாவும் நைத்திரைற்றும்கூடக் காட்டக்கூடும். அப்படிக் காட்டினால் அந்தத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி எதையும் குறைக்க முடியாது. வேறு கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். மனிதர் குடிப்பதையும் நிறுத்துங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் இல்லை என்று நம்பி அப்படியே ஊற்றுபவர்களுக்கு ஒரு காலத்தில் மட்டும் அடி விழும். கார்த்திகை மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள். வீட்டில் ஒருவர் கையொப்பம் வைத்து முடித்திருப்பார், மீன்தொட்டிக்குப் பொறுப்பானவருக்குத் தெரியாது. குளோரீன் மீனின் பூவையும் சுடும், புதிதாக ஒட்டத் தொடங்கிய பற்றீரியாவையும் கொல்லும். மணம் போகும்வரை அந்தக் கிணற்றில் அள்ள வேண்டாம். குழாய்த்தண்ணீர், தாளையடியிலிருந்து வரும் கடல்நீர் சுத்திகரித்த தண்ணீர் உட்பட, எப்போதும் குளோரீன் போட்டதுதான். சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு, கடைகளில் அன்ரி குளோரின் என்று விற்பது, 100 லீற்றருக்கு 1 கிராம் போதும். அல்லது அகன்ற வாளியில் எயார் பம்பில் பூட்டிய எயார் கல்லைப் போட்டு 24 மணி நேரம் ஓட விடுங்கள்.

வேலணை, காரைநகர்ப் பக்கம் உவர்த் தண்ணீர் என்றால் தங்கமீனையும் ரெற்றாவையும் மறந்துவிட்டு மொலி வாங்குங்கள். மொலிக்கு உப்பு வாழ்வு. மற்ற ஊர்களிலும் முதல் மீனாக என் தெரிவு கப்பி, மொலி, பிளாற்றி இந்த மூன்றுக்குள்தான். மூன்றும் கடினத் தண்ணீரில் விளைந்த மீன்கள். தங்கமீன் உடம்பு பெரிது, தீன் கூட, கழிவும் கூட. புதுத் தொட்டிக்கு அதைவிட மோசமான தெரிவு இல்லை, ஆனால் கடையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிக்கு முழுக் கொள்ளளவு 56 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே. கல்லும் மேல் இடைவெளியும் போக 50 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு நாலு அல்லது ஐந்து கப்பி. அதற்குமேல் வேண்டாம். அடியில் ஓரங்குலம் ஆற்றுக் கல் போதும். கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல்லையும் சிப்பியையும் அழகுக்கு வைக்காதீர்கள். அவை கரைந்து பிஎச்சை மேலே பிடித்து வைக்கும். மேலே சொன்ன 7.4 வீதக் கணக்கு நினைவிருக்கட்டும்.

தீன்

நல்ல மீன்தீனில் 40 வீதம் புரதம். புரதத்தில் ஏறத்தாழ 16 வீதம் நைதரசன். அதாவது 1 கிராம் தீனில் 64 மில்லிகிராம் நைதரசன் இருக்கிறது. மீன் அதைத் தின்றால் ஒரு பகுதி உடம்பில் சேரும், ஒரு பகுதி மலத்தில் போகும், ஏறத்தாழ 30 மில்லிகிராம் அமோனியாவாகத் தண்ணீரில் இறங்கும். 50 லீற்றரில் அது லீற்றருக்கு 0.6 மில்லிகிராம். தின்னாமல் அடியில் அழுகினால் முழு 64 உம் இறங்கி 1.3 வரைக்கும் போகும். ஒரேயொரு கிராம் தீனுக்கு இவ்வளவு.

ஐந்து கப்பியின் மொத்த எடை 3 கிராமளவில் வரும். நாளொன்றுக்கு உடல் எடையில் 2 அல்லது 3 வீதம் தீன் போதும், அதாவது 0.1 கிராமுக்கும் குறைவு. மூன்று விரலால் கிள்ளி எடுக்கும் ஒரு சிட்டிகை 0.2, 0.3 கிராம் வரும். காலையில் ஒரு சிட்டிகை, பின்னேரம் ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை இன்னொன்று. ஐந்து சின்ன மீனுக்கு ஆறேழு மடங்கு தீன் உள்ளே போய்விட்டது.

இதைத் தண்ணீர் மாற்றத்தோடு சேர்த்துப் பாருங்கள். பற்றீரியா இன்னும் வேலை தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 0.1 கிராம் தீன், நாளுக்கு 30 வீதத் தண்ணீர் மாற்றம் என்றால், அமோனியா எவ்வளவு நாள் போனாலும் 0.2 ஐத் தாண்டாது. அதே 30 வீதத்தை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் மாற்றினால் 1.4 வரைக்கும் ஏறும். நாளுக்கு 30 வீதம் மாற்றிக்கொண்டே 0.5 கிராம் தீன் போட்டால் 1.0 வரைக்கும் ஏறும். வாளி தூக்கிக் கை நோவதைவிடத் தீனைக் குறைப்பது சுகம். ஆனால் ஒன்றை மட்டும் செய்து தப்ப முடியாது. பட்டினி கிடந்தாலும் மீனின் உடம்பிலிருந்து கொஞ்ச அமோனியா வந்துகொண்டுதான் இருக்கும்.

0.1 கிராமைக் கையால் அளக்க வராது. ஒரு தேக்கரண்டியைச் சிறு குருணைத் தீனால் மட்டமாக நிரப்புங்கள். அது இரண்டரைக் கிராமளவில் இருக்கும். அதை வெள்ளைத் தாளில் கொட்டி, ஒரு பழைய ரெலிபோன் கார்ட்டின் விளிம்பால் ஐந்து குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலையும் திரும்ப ஐந்தாகப் பிரியுங்கள். இருபத்தைந்து சின்னக் குவியல் வரும். ஒவ்வொன்றும் ஒரு நாள் தீன். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு மீனுக்கே காணாது என்று தோன்றும். குளிசை வைக்கும் பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். எங்கள் காற்றின் ஈரப்பதனுக்குத் திறந்து கிடந்த தீன் கெதியாகப் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியில் அளந்து வைத்தால் இன்னொரு நன்மை, வீட்டில் யார் போட்டார் யார் போடவில்லை என்ற குழப்பம் இராது.

மீன் விட்ட முதல் நாள் ஒன்றும் போட வேண்டாம். அதன்பின் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு குவியல். போட்டதை ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். அடிக்குப் போன மிச்சத்தை ரியூப்பால் அப்போதே உறிஞ்சி எடுங்கள். கிட் அமோனியாவோ நைத்திரைற்றோ 0.5 காட்டினால், இறங்கும்வரை தீனே இல்லை. நன்றாக வளர்ந்த மீன் மூன்று நாலு நாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. கப்பிக் குஞ்சுகள் மட்டும் அப்படித் தாங்காது. குஞ்சு பிறந்தால் தூளாக்கிய தீனைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தினமும் போட்டு, தண்ணீர் மாற்றத்தைக் கூட்டுவதுதான் வழி.

பாண் துண்டு, சோறு, அவித்த முட்டை மஞ்சள் கரு, இவை புதுத் தொட்டிக்குள் போகவே கூடாது. மஞ்சள் கரு தண்ணீரில் பாலாய்க் கரைந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. உயிர்ப்புழு நல்ல தீன்தான், ஆனால் சாக்கடைச் சேற்றில் பிடித்த புழு நோயையும் கொண்டு வரும். நுளம்புக் குடம்பியை வடித்துக் கழுவி ஐந்தாறு போடலாம், மீன் உடனே முடித்துவிடும். மிச்சம் விட்டால் அது நுளம்பாகப் பறக்கும், டெங்குக் காலத்தில் அந்த வேலை வேண்டாம்.

தண்ணீர் மாற்றம்

"தண்ணியை மாத்தாதேங்கோ, தண்ணி பழகட்டும்" என்பது கடைகளில் சொல்லி அனுப்பும் அறிவுரை. பழக வேண்டியது தண்ணீரல்ல. பற்றீரியா பில்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்கிறது. தண்ணீரில் மிதப்பது மிகச் சொற்பம். பாதித் தண்ணீரை மாற்றினாலும் பற்றீரியா அப்படியே இருக்கும், நஞ்சு மட்டும் பாதியாகும். "அமோனியாவை எடுத்துவிட்டால் பற்றீரியாவுக்குச் சாப்பாடு இராதே" என்றும் கேட்பார்கள். 0.25 மில்லிகிராமே அதற்குத் தாராளம்.

இதற்கு எதிர்ப்பக்கமான பிழை, சனிக்கிழமை தொட்டியை முற்றாகக் கவிழ்த்து, கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஸ்பொஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்குவது. கண்ணாடி மினுங்கும். பற்றீரியாவின் கதை முதல் நாளுக்குத் திரும்பும். இப்படி மாதக்கணக்கில் வாரம் வாரம் கழுவி, மாதக்கணக்கில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

செய்யும் முறை இதுதான். முதல் நாள் இரவே 15 லீற்றர் வாளியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து, எயார் கல் போட்டு, நிழலில் வையுங்கள். கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு கூட. இரவு முழுதும் காற்றோடினால் இரண்டும் சரியாகும், வெப்பமும் தொட்டியின் வெப்பத்துக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தாங்கித் தண்ணீரை மத்தியானத்தில் திறந்து ஊற்றினால், சித்திரை வைகாசியில் அது கை சுடும் சூட்டில் வரும். விடிய ஆறு மணித் தண்ணீர்தான் நல்லது. டெங்குக்காகத் தாங்கிக்குள் மருந்து போட்டிருந்தால் அந்தத் தண்ணீரே வேண்டாம்.

காலையில் பில்டரின் கரண்டை நிற்பாட்டுங்கள். அரையங்குல ரியூப்பால், தொட்டி மட்டத்துக்குக் கீழே வைத்த வாளிக்குள், கல்லுக்கிடையில் உள்ள அழுக்கோடு சேர்த்து 15 லீற்றர் இறக்குங்கள். ஒரே நாளில் அடி முழுவதையும் கிண்ட வேண்டாம், இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். பிறகு புதுத் தண்ணீரை ஒரு தட்டின் மேலே மெதுவாக ஊற்றுங்கள், கல் கிளம்பாது. கரண்டைப் போட மறக்க வேண்டாம். இறக்கிய தண்ணீரை வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றலாம்.

எவ்வளவு மாற்றுவது என்பதை கிட் சொல்லும். 0.25 வரை என்றால் வழமையான 15 லீற்றர். 0.5 என்றால் பாதி. 1.0 என்றால் காலையில் பாதி, பின்னேரம் பாதி, அது 0.25 இற்கு வந்துவிடும். ஊற்றும் தண்ணீர் தொட்டித் தண்ணீரின் அதே பிஎச்சும் அதே வெப்பமும் என்றால் பாதி மாற்றுவதற்குப் பயப்படத் தேவையில்லை.

கிட் இல்லாதவர்கள், இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூட, நாட்காட்டியைப் பார்த்துச் செய்யலாம். முதல் மூன்று வாரம் தினமும் 15 லீற்றர். நாலாம் ஐந்தாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறாம் வாரம் இரண்டு தடவை. இடையில் மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் அன்றே பாதி. காகிதத் துண்டு வகை ரெஸ்ற் பலவற்றில் அமோனியாவுக்கு இடமேயில்லை, வாங்கமுதல் பெட்டியில் பாருங்கள். காசு ஒரு கிட்டுக்கு மட்டும்தான் என்றால் அமோனியாத் துளிக் கிட்டை வாங்குங்கள்.

இடையில் வருபவை

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தண்ணீர் பால் கலந்தது மாதிரி வெளுக்கும். அது அழுக்கைத் தின்று பெருகும் வேறு பற்றீரியா. ஆபத்து குறைவு, ஆனால் ஒட்சிசனைக் குடிக்கும். 30 பாகையில் தண்ணீர் பிடிக்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு 7.5 மில்லிகிராம்தான். எயார் பம்பைக் கூட்டி ஓட விட்டு, தீனைக் குறைத்தால் சில நாளில் தானே தெளியும். முழுவதையும் மாற்றினால் திரும்ப வெளுக்கும்.

இரண்டாம் வாரமளவில் அமோனியா இறங்கத் தொடங்கி நைத்திரைற்று ஏறும். இந்தக் கட்டம்தான் நீளம், பொறுமை போகும். நைத்திரைற்று மீனின் இரத்தத்தைக் கபிலமாக்கி, ஒட்சிசனைக் காவ விடாமல் செய்யும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் வேகமாக மூச்சு வாங்கும். இதற்கு உப்பு நல்ல காவல். நைத்திரைற்றும் குளோரைட்டும் பூவில் ஒரே வாசலால் உள்ளே போகின்றன. குளோரைட்டு கூட இருந்தால் நைத்திரைற்றுக்கு வழி கிடைக்காது. 10 லீற்றருக்கு 1 கிராம், அதாவது இந்தத் தொட்டிக்கு மட்டமாக ஒரு சிறு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, ஆனையிறவுக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். பிறகு மாற்றும் 15 லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் மட்டும் சேருங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்பு வேண்டாம், உப்பு ஆவியாவதில்லை. ஏற்கெனவே உவர்க் கிணறு என்றால் இதுவும் தேவையில்லை. உப்பு அமோனியாவுக்கு மருந்தல்ல, தண்ணீர் மாற்றத்தை அதற்காக நிறுத்தக்கூடாது.

கரண்ட் போனால் முதலில் தீனை நிறுத்துங்கள். மூடிய பில்டருக்குள் இருக்கும் ஸ்பொஞ்சுக்குச் சில மணி நேரத்தில் ஒட்சிசன் முடிந்துவிடும், பற்றீரியா சாகத் தொடங்கும். ஸ்பொஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே மிதக்க விடுங்கள். பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அதில்லாதவர்கள் ஒரு குவளையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றலாம், மணிக்கொரு தடவை சில நிமிடம். எட்டுப் பத்து மணி நேரம் நின்ற மூடிய பில்டரை அப்படியே திரும்பப் போட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் வரும். கழற்றி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

மீன் சோர்ந்தவுடன் நீல மருந்தை ஊற்றும் பழக்கம் இந்த ஆறு வாரத்துக்குள் மிகக் கெடுதல். மெதிலீன் நீலம் பில்டர் பற்றீரியாவையும் முடக்கும். அமோனியாவால் சோர்ந்த மீனுக்கு அது மருந்துமில்லை. உண்மையிலேயே பூஞ்சணமோ வெள்ளைப் புள்ளியோ கண்டால் மீனைத் தனி வாளிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள்.

குழாய்த்தண்ணீரை மட்டும் பாவிப்பவர்களுக்கு வேறொரு தடங்கல் வரலாம். பற்றீரியா 1 மில்லிகிராம் அமோனியா நைதரசனை மாற்ற, சுண்ணாம்புக் கணக்கில் 7 மில்லிகிராம் காரத்தைத் தின்கிறது. கிணற்றுத் தண்ணீரில் அது குறையவே குறையாது. கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீரில் குறையலாம். மூன்று நாலு வாரம் நன்றாகப் போன தொட்டியில் பிஎச் 6.5 இற்கு இறங்கி, அமோனியா அப்படியே நின்றால் காரணம் இதுதான். கால்வாசிக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஊற்றுவது நிரந்தர வழி. அவசரத்துக்கு, மாற்றும் வாளித் தண்ணீரில் ஒரு கிராம் அப்பச்சோடாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால், இவ்வளவு நாளும் அடங்கிக் கிடந்த அமோனியம் நஞ்சு அமோனியாவாக மாறும்.

வேகப்படுத்த ஒரு நல்ல வழி, ஆறு மாதத்துக்கு மேலாக நோயில்லாமல் ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பொஞ் துண்டு ஒன்றை ஈரத்தோடு கொண்டு வந்து உங்கள் பில்டருக்குள் வைப்பது. மூன்று வாரத்து வேலை ஒரு வாரத்தில் முடியக்கூடும். போத்தலில் விற்கும் பற்றீரியாவை நான் இதற்கு ஈடாக வைக்க மாட்டேன். வெயிலில் நின்ற லொறியிலும் சூடான கடை இராக்கையிலும் கிடந்த போத்தலுக்குள் உயிரோடு எவ்வளவு மிச்சம் என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. மணி பிளாண்ட் கொப்பு ஒன்றை வேர் தண்ணீருக்குள் தொங்கும்படி விடுவதும் உதவும். அது அமோனியாவையும் கிணற்றோடு வந்த நைத்திரேற்றையும் இழுக்கும்.

பொறுத்திருக்கக் கூடியவர்கள் மீனே இல்லாமல் தொட்டியைப் பழக்கலாம், மீனுக்கு அதுதான் இரக்கமான வழி. தோட்டக்காரர் வீட்டில் யூரியா இருக்கும். 10 கிராமை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து, அதில் 22 மில்லிலீற்றரை 50 லீற்றர் தொட்டிக்கு ஊற்றினால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் நைதரசன் சேரும். யூரியா அமோனியாவாக மாறச் சில நாள் எடுக்கும், முதல் நாள் கிட்டில் ஒன்றும் காட்டவில்லை என்று மேலும் மேலும் ஊற்ற வேண்டாம். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்த பிறகு இன்னொரு 22 மில்லிலீற்றர் ஊற்றிப் பாருங்கள். அது அமோனியாவாகக் காட்டிப் பின் ஓரிரு நாளில் இரண்டும் திரும்பப் பூச்சியமானால் தொட்டி தயார். பெரிய அளவில் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம்.

நுளம்புக்காகக் கிணற்றில் விட்ட கப்பி ஒருவரும் கவனிக்காமலே வருடக்கணக்கில் வாழ்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீர், பாசி பிடித்த கல்லுச் சுவர், விரல்விட்டு எண்ணும் மீன், தீன் போட ஆளில்லை. இரண்டடித் தொட்டியில் அந்தத் தண்ணீரையும் சுவரையும் கொண்டுவர முடியாது. தீன் போடாமல் இருப்பதை மட்டும் கொண்டுவரலாம்.

வழமையான அளவில், தினமும் ஒரு குவியல் தீன் போட்டும், ஒரு வாரம் முழுவதும் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்தில் நின்றால் பழக்கம் முடிந்தது. உப்பை இனிச் சேர்க்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை 15 லீற்றர் மாற்றத்தோடு அது தானாகக் குறைந்துபோகும். புது மீனை இரண்டு மூன்றாகத்தான் சேர்க்க வேண்டும், ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வாரம். பற்றீரியாவின் தொகை பழைய மீன்களின் கழிவுக்கு அளவானது, அதற்குமேல் அதிகம் இராது. ஆகவே புது மீன் வந்த முதல் வாரம், மீன் கூடினாலும் தீனைப் பழைய அளவிலேயே வைத்து, மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் ஒவ்வொரு வாளி கூடுதலாக மாற்றுங்கள்.